பாலே கதைப் புத்தகங்கள் படித்தால் பிள்ளைக்கு வீண் ஆசை வந்துவிடாதா?

உங்கள் மகளுக்கு 10 வயது, நுனிவிரலில் நின்று ஆடும் ஐரோப்பிய நடனமான பாலே பற்றிய ஆங்கிலக் கதைகளாகத் தேடிப் படிக்கிறாள், மதுரையில் அதைக் கற்றுத்தர உங்களுக்குத் தெரிந்து ஆளில்லை, நடக்காத ஒன்றுக்கு ஆசை காட்டாமல் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இந்த மாதிரிக் கேள்வி தானாக வராது.

நிறுத்தாதீர்கள். இதை என் இடது கால் கட்டைவிரல் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். விரலுக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1996இல் எனக்கு 11 வயது. ஆரப்பாளையத்தில் வீடு, அப்பாவுக்கு மில் வேலை. ஜூன் பிறந்தால் பழைய பாடப்புத்தகம் வாங்கப் புதுமண்டபத்துக்குப் போவோம். இப்போது அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது அந்தக் கல்மண்டபத்துக்குள் ஒரு தூணடியில் தையல் மிஷின் ஓடும், அடுத்த தூணடியில் புத்தகக் கட்டுகள், அதற்கடுத்து வளையல், பித்தளைப் பாத்திரம். நாயக்கர் காலத்துச் சிலையின் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அம்மா பேரம் பேசுவார். ஆறாம் வகுப்புக் கட்டுக்குள் அட்டை கிழிந்த ஆங்கிலக் கதைப்புத்தகம் ஒன்று தப்பி வந்து கிடந்தது. "அதையும் எடுத்துக்க பாப்பா, எட்டு ரூவா குடு" என்றார் கடைக்காரர். அம்மா ஐந்துக்கு முடித்தார்.

அதுதான் நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்ட் எழுதிய ‘பாலே ஷூஸ்’. 1936இல் லண்டனில் வந்தது. ஒரு பெரியவர் எடுத்து வளர்க்கும் மூன்று பெண் குழந்தைகளின் கதை. மூத்தவளுக்கு நடிப்பு, கடைசிக்காரிக்கு நடனம், நடுவிலவளுக்கு மோட்டார் காரும் ஏரோப்ளேனும். நான் தமிழ் மீடியம். லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அரைப்பரீட்சை லீவு முடியும்வரை அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன்.

படித்து முடித்ததும் நான் செய்தது முட்டாள்தனம்தான், மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ் ஷூவை எடுத்து முனையில் பழைய வேட்டித் துணியைத் திணித்தேன். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்களே, அந்த மைதா பசையை ஒரு கொட்டாங்கச்சியில் கெஞ்சி வாங்கி உள்ளேயும் வெளியேயும் பூசினேன். மொட்டைமாடியில் இரண்டு நாள் காய்ந்தது. கல் மாதிரி ஆகிவிட்டது. புதுமண்டபத்தில் வாங்கிய ரோஸ் கலர் ரிப்பனைத் தைத்துக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நுனிவிரலில் எழுந்தேன்.

மூன்று விநாடி நின்றிருப்பேன். அந்த மூன்று விநாடியில் வைகைப் பாலமும் அக்கரையும் தெரிந்தன. இன்றுவரை அது பொய்யில்லை என்று வாதாடுவேன். அப்புறம் விழுந்தேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது, கணுக்காலில் சுளுக்கு. தெருக்கோடியில் சுளுக்கு எடுக்கும் பாட்டி நல்லெண்ணெய் தடவிக்கொண்டே, "தாயி, அங்கிட்டுப் பாரு, காக்கா" என்று சொல்லி வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். காக்காய் எதுவும் இல்லை. புது நகம் கோணலாக முளைத்தது, இன்னும் கோணல்தான்.

நுனிவிரலில் நிற்கும் அந்த ஷூவுக்குள் கட்டையும் இரும்பும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான ஷூவின் முனையில் இருப்பது துணியும் காகிதமும் பசையும்தான், அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைப்பார்கள். பிற்பாடு இதைப் படித்தபோது எனக்கு ஏக சந்தோஷம். என் செய்முறையில் பெரிய தப்பில்லை! தப்பு காலில்தான். சில வருடம் தரையில் பழகி, கணுக்காலும் முதுகும் உறுதியான பிறகுதான், ஏறக்குறைய 11, 12 வயதில், அந்த ஷூவையே பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். இது ஒன்றை மட்டும் உங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேன்வாஸ் ஷூவையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பார்த்தீர்களா, இதைத்தான் நானும் பயந்தேன் என்பீர்கள். ஆனால் அந்தப் புத்தகத்தில் என் மனத்தில் தங்கியது நடனமே இல்லை. காசு. பெரியவர் ஊர் சுற்றப் போய்விட, வைத்துவிட்டுப் போன பணம் கரைகிறது. வீட்டில் அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். நல்ல உடை இல்லாமல் நடிப்புத் தேர்வுக்குப் போக முடியாது என்றதும் பிள்ளைகள் தங்கள் கழுத்துமாலைகளைக் குடித்தனக்காரர் ஒருவரிடம் ஈடாகக் கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள். 12 வயதானால்தான் மேடையில் சம்பாதிக்க லைசென்ஸ். எப்போது 12 ஆகும் என்று நாள் எண்ணுகிறார்கள். அம்மாவின் தோடு வருடத்தில் பாதி நாள் அடகுக்கடையில் இருந்த வீட்டுப் பிள்ளை நான். லண்டனிலும் இதே கதைதானா என்று அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் எந்தக் குடும்பமும் நகையை ஈடு வைத்ததில்லை.

அதே வருடங்களில் பரதமும் கற்றுக்கொண்டிருந்தேன். சுளுக்குக் காலோடு போனபோது மாடிப்படியில் விழுந்ததாக டீச்சரிடம் பொய் சொன்னேன். மாதம் 50 ரூபாய், வாரம் இரண்டு வகுப்பு. நன்றாகத்தான் ஆடினேன், அவரே சொல்லியிருக்கிறார். சலங்கை பூஜை முடிந்தது. 1999இல் அரங்கேற்றப் பேச்சு வந்தது. பக்கவாத்தியம், மண்டபம், பட்டு உடை, நகை செட், குருவுக்குச் செய்ய வேண்டிய மரியாதை எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் வகுப்புக்குப் போகவில்லை.

குருவைக் குறை சொல்கிறாயா என்று சிலர் வருவீர்கள். சொல்லிக்கொடுத்ததில் குறையே கிடையாது, என் அரைமண்டி இன்றும் சுத்தம். அந்தக் கதையில் வரும் நடனப்பள்ளி, பிள்ளைகள் சம்பாதிக்கும்போது ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொள்கிறது. அதைப் படித்திருந்தவளுக்கு இந்தத் தாள் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் யோசியுங்கள். அந்தப் பட்டியல் ஏன் இன்னும் நீண்டுகொண்டே போகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இன்னொரு கூட்டம், ‘நம்ம பரதம் இருக்கும்போது வெள்ளைக்காரன் ஆட்டம் எதற்கு’ என்று கிளம்பும். ருக்மிணி தேவி அருண்டேல் 1904இல் பிறந்தது நம் மதுரையில்தான். அவர் முறையாக முதலில் பயின்ற நடனம் பாலே. ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவோடு பழக்கமாகி, அவருடைய குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் கற்றுக்கொண்டார். உங்கள் நாட்டுக் கலையைப் போய்ப் பாருங்கள் என்று திருப்பிவிட்டதே பாவ்லோவாதான். பிறகு பரதத்தின் பழைய வடிவமான சதிராட்டத்தைப் பார்த்து, கற்று, 1935இல் மேடையேறி, 1936இல் கலாக்ஷேத்ரா நடனப்பள்ளியைத் தொடங்கினார். அந்தக் கதைப்புத்தகம் வந்த அதே வருடம். பாலே படித்ததால்தான் பரதம் பிழைத்தது என்று நான் சொல்லவில்லை. சதிரை அவர் மாற்றியது சரியா, ஆடிக்கொண்டிருந்த குடும்பத்துப் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு வழக்கு, அதில் என் கட்சியே வேறு. இங்கே வேண்டாம். ஒரு மதுரைப் பெண் பாலேயைத் தொட்டால் தீட்டு இல்லை என்ற அளவுக்குத்தான் சொல்கிறேன்.

என் மகளுக்கும் இப்போது 10 வயது. புதுப் பிரதி வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்தது நடனக்காரி இல்லை, நடுவிலவள் பெட்ரோவா. 11 வயதில் நான் அவள் வரும் பக்கங்களைத் தாண்டிப் போனவள். வீட்டுக்குக் காசு வேண்டும் என்பதற்காகப் பிடிக்காத ஆட்டத்தை ஆடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் கராஜில் கிரீஸ் கையோடு நிற்பாள். "இவ பாவம்மா, யாருமே அவளக் கேக்கல" என்றாள் மகள். லாரி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வருகிற எனக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தோசை ஊற்றப் போய்விட்டேன்.

ஆகவே உங்கள் மகள் எதைப் பிடித்துக்கொண்டு படிக்கிறாள் என்று முதலில் அவளிடமே கேளுங்கள். ஆட்டமாக இல்லாமலும் இருக்கலாம். அடுத்து வாங்குவதாக இருந்தால் ரூமர் காடன் எழுதியதைப் பாருங்கள். இன்றைய பங்களாதேஷில் இருக்கும் நாராயண்கஞ்சில் வளர்ந்து, கல்கத்தாவில் நடனப்பள்ளி நடத்தியவர். பாலே ஆட ஆசைப்படும் ஒரு பையனைப் பற்றி 1984இல் ‘தர்ஸ்டேஸ் சில்ட்ரன்’ எழுதினார். வீட்டில் தம்பி இருந்தால் அவனும் படிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. வாங்கும் புத்தகத்தைச் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்காதீர்கள். என் ஐந்து ரூபாய்ப் புத்தகத்தை 2000 சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சித்தி மகள், பஸ்ஸில் படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போனாள். முதல் பக்கத்தில் ஊதா மையில் என் பெயரும் 6 ‘ஆ’ பிரிவு என்றும் எழுதியிருக்கும். ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்கிறேன். "பரண்லதான்க்கா கெடக்கும், எடுத்துத் தாரேன்" என்கிறாள். அந்த வீட்டை இரண்டு தடவை இடித்துக் கட்டிவிட்டார்கள்.