கொரோனா வந்தவங்களுக்கு கூடவே இன்னொரு சளி, நிமோனியா தொற்றும் வருமா?

வரும். ஒரே நேரத்துல ரெண்டு கிருமி உடம்புல இருந்தா அதுக்குப் பேரு கூட்டுத்தொற்று, கொரோனாவோட ஃப்ளூ வைரஸ் இருக்கலாம், இல்ல நிமோனியா பாக்டீரியா இருக்கலாம், சிலருக்கு பூஞ்சைகூட.

ஏன்னா மூச்சுக்குழாய்ல பொடிப்பொடியா மயிர் மாதிரி இருக்கும், தூசியையும் சளியையும் மேல தள்ளி வெளியேத்துறது அதோட வேலை, கொரோனா வைரஸ் அந்த செல்லுங்களையே அழிச்சிடுது. எங்க காரைக்குடி பக்கம் பூட்டிக் கெடக்குற பெரிய வீடுகளப் பாத்தா புரியும், மேல ஒரு ஓடு உடைஞ்சா போதும், அது வழியா மழைத்தண்ணி எறங்கி, பர்மா தேக்கு உத்தரம் நனைஞ்சு, கரையான் ஏறி, வௌவாலும் குடிவந்துரும் (ஓனர் சிங்கப்பூர்ல இருப்பாரு, அது வேற கதை). ஓட்ட உடைச்சது ஒண்ணு, உள்ள நுழைஞ்சது வேற.

1918 ஃப்ளூலயும் நெறைய பேரு செத்தது பின்னாடியே வந்த பாக்டீரியா நிமோனியாவாலதான். 2021ல நம்மூர்ல பேசுன கருப்பு பூஞ்சையும் இந்தக் கதைதான், சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, ஸ்டீராய்டு எடுத்தவங்க, இவங்களத்தான் அதிகமா புடிச்சுது. காய்ச்சல் கொறஞ்சு நாலு நாள் கழிச்சு திரும்ப ஏறுனா, மூச்சு வாங்குனா சும்மா இருக்காம டாக்டர்ட்ட போங்க.

அப்புறம், கொரோனான்னாலே ஆன்டிபயாட்டிக் போடணும்னு நெனைக்கிறாங்க, அது பாக்டீரியாவுக்குத்தான் வேலை செய்யும் வைரஸை ஒண்ணும் பண்ணாது, ஆஸ்பத்திரில சேர்ந்தவங்கள்ல சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான் பாக்டீரியா தொற்று இருந்துச்சு, மாத்திரை கிடைச்சதோ 75 சதவீதம் பேருக்குன்னு 2024ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிருக்கு.