குளிர் ஊரில் குளிர்பானப் பிரிட்ஜ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீடு நுவரெலியாவில். விருந்தாளிகளுக்கு சோடா, ஜிஞ்சர் பியர் வைக்கக் கண்ணாடிக் கதவு போட்ட சின்னப் பிரிட்ஜ் ஒன்று தேவை. கடையில் "சத்தமே வராது" என்று மலிவாக ஒன்றைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் கம்ப்ரசர் இல்லை. பெல்டியர் என்ற மின்தகடுதான் குளிரைத் தருகிறது. அறையைவிட ஏறக்குறைய 15 முதல் 20 பாகைதான் அது குறைக்கும். கண்டியில் அறை 30 பாகை என்றால் சோடா 10க்குக் கீழே இறங்காது. உங்கள் ஊரில் பிரச்சினை தலைகீழ். குளிர் போதுமானதும் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத வகையென்றால், ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அறை 12 பாகைக்கு வரும்போது உள்ளே பூச்சியத்துக்குக் கீழே போய் கேன் உறைந்து உப்பிவிடும். கரண்டையும் கணக்குப் பாருங்கள். 60 வாட் பெட்டி ஓயாமல் ஓடினால் மாதம் 43 அலகு. சின்ன கம்ப்ரசர் பெட்டி விட்டுவிட்டு ஓடுவதால் பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு.

கம்ப்ரசர் பெட்டியிலும் பின்பக்க லேபிளைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். 'டி' (T) என்று மட்டும் இருந்தால் அது 16 முதல் 43 பாகை வரையான அறைக்குச் செய்தது. 'எஸ்.என்' (SN) என்றால் 10 முதல் 32. நுவரெலியாவுக்கு எஸ்.என்தான். 'எஸ்.என்-டி' என்று இரண்டும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. அறை அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை எழுப்பாது. மேலே ஐஸ் தட்டு உள்ள பெட்டியில் ஐஸ் உருகி ஒழுகும்.

வளைந்து வளைந்து வரும் மலைப்பாதையில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் விட்டபிறகே பிளக்கைச் செருகுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாயிலிருந்து திரும்பி இறங்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கேள்வி: பின்வரிசைப் போத்தல்கள் உறைகின்றன, முன்வரிசை குளிர்வதே இல்லை. அடியில் தண்ணீரும் தேங்குகிறது. (ஹட்டன்)

பதில்: குளிர்த்தகடு பின்சுவரில் இருக்கிறது. போத்தல் அதைத் தொட்டால் உறையும். இடைவெளியில்லாமல் அடுக்கினால் குளிர்க்காற்று முன்னால் வராது. பின்னால் இரண்டு விரல் இடம் விடுங்கள். குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகில் எண் கூடினால் குளிரும் கூடும் என்பதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். 2இல் வைத்து, நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் தெர்மோமீட்டரைப் போட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். 5 பாகை காட்டினால் போதும்.

தண்ணீர் தேங்குவது பின்சுவர் அடியிலுள்ள வடிகால் துளை அடைத்ததால். பஞ்சு சுற்றிய ஈர்க்கால் மெதுவாகக் குத்தி, வெந்நீர் அல்ல, வெதுவெதுப்பான நீர் இரண்டு கரண்டி ஊற்றுங்கள். ஐஸ் ஒரு விரற்கடை தடித்தால் பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து விடுங்கள். கத்தியால் சுரண்டவே கூடாது! தகடு ஓட்டையானால் காஸ் போய்விடும். புதுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, தீப்பற்றும் காஸ்.

கேள்வி: மழை, மூட்டக் காலத்தில் கதவுக் கண்ணாடி வியர்த்து வழிகிறது. பழுதா?

பதில்: முழுக் கண்ணாடியும் வியர்த்தால் பழுதில்லை, ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. குசினி ஆவியிலிருந்து தள்ளி வைத்து, உள்ளே 7 பாகைக்கு ஏற்றினால் குறையும். ஓரத்தில் மட்டும் வியர்த்தால் ரப்பரைச் சந்தேகியுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்து ரப்பர் தளர்ந்துவிட்டது.

கேள்வி: அம்மாவின் இன்சுலினையும் இதிலேயே வைக்கலாமா?

பதில்: திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். உறைந்ததைப் பிறகு பாவிக்கவே கூடாது. கதவு அடிக்கடி திறபடும் குளிர்பானப் பெட்டியில் இந்த அளவு நிலைக்காது. வீட்டுப் பெரிய பிரிட்ஜின் நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல் வையுங்கள்.