இரண்டாவதும் சீசர்தானா?

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன், பெயர் போடவேண்டாம். இப்போது 28 வாரம். மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. கடைசிவரை அவளுடைய தலை கீழே திரும்பவில்லை என்று சீசர் செய்தார்கள். இந்தமுறை நோர்மலுக்கு முயலலாமா என்று, தனியாரில் டொக்டரைச் சேனல் பண்ணிக் கேட்டேன். "பார்க்கலாம், ஆனால் சீசர்தான் பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டு டொக்டர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். ஒருக்கா வெட்டினால் பிறகும் வெட்டுத்தான் என்கிறா மாமி. இவர் சாத்திரியிடம் நட்சத்திரம் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கோ, மகளை நான் பெறவில்லை, எடுத்துத் தந்தார்கள் என்ற ஒரு குறை மனதில் கிடக்கிறது. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

நான் கதை எழுதுகிறவள், டொக்டர் இல்லை. ஆனால் இதே கேள்வியோடு மாதக்கணக்கில் நித்திரை கெட்டவள்.

மாமியின் வசனத்திலிருந்து தொடங்குவோம். அதை 1916இலேயே நியூயோர்க்கில் எட்வின் கிராகின் என்ற மகப்பேற்று மருத்துவர் எழுதிவைத்துவிட்டார். அந்தக் காலத்தில் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டினார்கள். அந்த வடு நோவின்போது பிரிந்துவிடக்கூடியது. கிராகின் சொல்ல வந்ததும் முதல் வெட்டை அவசரப்பட்டுப் போடாதீர்கள் என்றுதான். அதை விட்டுவிட்டு, வால்பகுதியை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது. இப்போது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் வெட்டுகிறார்கள். ஆனால் ஒன்று: வயிற்றுத் தோலில் தெரிகிற தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல ஏலாது. அது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது தந்த உங்கள் டயக்னோசிஸ் கார்டில் இருக்கவேண்டும். நெடுக்கு வெட்டு என்றிருந்தால் இந்தப் பேச்சே இல்லை, சீசர்தான்.

குறுக்கு வெட்டுத்தான் என்றால் கணக்குக்கு வரலாம். பிரித்தானியாவின் அரச மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு சீசருக்குப் பிறகு முயல்கிற நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு நோர்மலாகப் பிறக்கிறது. வடு பிரிவது 200 பேரில் ஒருவருக்கு. இதில் நீங்கள் கொஞ்சம் நல்ல பக்கத்தில் நிற்கிறீர்கள். பிள்ளை திரும்பாமல் இருந்தது அந்தக் கர்ப்பத்தின் கதை. இந்தப் பிள்ளை தலையைக் கீழே போட்டால் அந்தக் காரணம் போய்விட்டது. இடைவெளியும் மூன்று வருடத்துக்கு மேல். எனக்கு அப்படி இல்லை. மூத்தவனுக்கு நோவு வந்தும் கருப்பை வாய் ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் திறக்கவில்லை.

அந்த 200இல் ஒன்றை எப்படிக் கேட்பது? ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள், அதில் ஒரு பெண். சின்ன எண்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அப்போது நிமிடங்கள்தான் இருக்கும். ஆகவே "நோர்மலா சீசரா" என்று கேட்பதற்கு முன், "இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்" என்று கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரி அறையில் ஏசி இருக்கும், ரீவி இருக்கும், துணைக்கு நிற்பவருக்குக் கட்டிலும் இருக்கும். உங்கள் விஓஜி, அதாவது மகப்பேற்று நிபுணர், தன் வீட்டில் நித்திரையாக இருப்பார். கொழும்பின் காலி வீதி அந்த நேரம் வெறிச்சோடிக் கிடந்தாலும் வந்துசேர நேரம் எடுக்கும். தியேட்டர் திறந்திருக்குமா, மயக்கமருந்து டொக்டர் உள்ளேயே நிற்பாரா, இரத்தம் கைவசம் உண்டா, பிள்ளையின் இதயத் துடிப்பை சீரீஜீ மெஷினில் விடாமல் பார்ப்பார்களா? வடு பிரிகிறது என்பதைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தத் துடிப்புத்தான். 1879இலிருந்து பிள்ளை பிறக்கிற டி சொய்சா அரச மகப்பேற்று ஆஸ்பத்திரியையும் காசல் வீதி ஆஸ்பத்திரியையும் நெரிசல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நெரிசல்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு நெரிசலுக்குள் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

அங்கே பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். நோவு விட்டிருக்கிற இடைவேளையிலும் பழைய வெட்டு நொந்தால் உடனே சொல்லவேண்டும். "கபபு தென ரிதெனவா" (வெட்டின இடம் நோகிறது) என்று இப்போதே பாடமாக்கிவிடுங்கள். நான் சொல்லத் தெரியாமல் கையை வைத்துக் காட்டினேன். எனக்கு வயிறு இழுக்கிறது என்றுதான் தாதி விளங்கிக்கொண்டார்.

மருந்து வைத்தோ சேலைனில் மருந்து ஏற்றியோ நோவை வரவழைத்தால் வடு பிரியும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகிறது. நாள் கடந்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே கேளுங்கள். 40 வாரம் கடந்து, வார்டில், பசியோடு கேட்கிற கேள்வி அல்ல அது.

மூன்றாவது பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா? சேனலில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒவ்வொரு சீசருக்கும் பிறகு, நஞ்சுக்கொடி கீழே இறங்கிப் பழைய வடுவில் வேர்விடுகிற ஆபத்து ஏறுகிறது. அப்படி ஒட்டிக்கொண்டால் பிரிக்க ஏலாமல் கருப்பையையே எடுக்கவேண்டி வரலாம். "சீசர்தான் பாதுகாப்பு" என்பது இந்தப் பிள்ளைக்கான கணக்கு. இரண்டோடு போதுமென்றால் அதில் நியாயம் இருக்கிறது. இன்னும் வேண்டுமென்றால் அந்தக் கணக்கு அரைவாசிதான்.

நட்சத்திரம்: முயல்வதென்றால் நட்சத்திரத்தைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். சீசர்தான் என்று முடிவானாலும் 39 வாரத்துக்குப் பிறகுள்ள நாட்களை மட்டும் சாத்திரியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ரோகிணி வேண்டுமென்று 37இல் எடுத்து, பிள்ளை மூச்சு இழுத்து, மூன்று நாள் தாயை விட்டுப் பிறிம்பாகக் கிடந்ததை என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பார்த்தேன்.

இனி அந்தக் குறை. நம் சனத்துக்கு "பெத்தவள்", "வெட்டி எடுத்தவள்" என்று இரண்டு சொல் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். நான் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத்தான் இரண்டாவது முறை முயன்றேன் என்று இப்போது தெரிகிறது. 14 மணித்தியாலம். திரும்பவும் ஆறு சென்ரிமீற்றர். பிறகு தியேட்டர், காய்ச்சல், தையலில் சீழ். முயன்று முடியாமல் வெட்டுவது, திட்டமிட்டு வெட்டுவதைவிட உடம்புக்குக் கடினம். இதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சின்னவளைத் தூக்கித் தந்தபோது, பெத்தேனா எடுத்தார்களா என்ற யோசனை எனக்கு வரவேயில்லை. தண்ணி வேண்டும் என்று மட்டும் இருந்தது. அந்தக் குறை ஒன்றுதான் காரணமென்றால் முயலாதீர்கள். மூன்றாவது பிள்ளைக்கான ஆசையும், பெற்ற பிறகு நீங்கள் விரைவில் எழுந்து நடமாடுவதும் காரணமென்றால் அது வேறு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்? தலை திரும்பி, வெட்டு குறுக்கென்று உறுதியாகி, இரவு ஆட்கள் நிற்கிற இடமும் கிடைத்தால் முயல்வேன். நோவு தானாக வந்தால் மட்டும். வராவிட்டால் வெட்டட்டும். 36ஆம் வாரத்தில் இதையெல்லாம் விஓஜியோடு பேசி கிளினிக் கார்டில் எழுதுவித்துவிடுங்கள். இவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதலில் அந்த டயக்னோசிஸ் கார்டைத் தேடுங்கள். மகளின் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறைக்குள் இருக்கும். என்னுடையது அங்கேதான் இருந்தது, இரண்டு வருடம் தேடின பிறகு.