பழைய ஜன்னல்களும் பழைய இழைப்புளிகளும்: கேள்வி-பதில்

நீலகிரியின் பழைய பங்களாக்களில் கதவு, ஜன்னல்களைச் செப்பனிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், மோல்டிங் இழைப்புளிகளை, அதாவது மரத்தின் விளிம்பில் வளைவு வேலைப்பாடு செதுக்கும் இழைப்புளிகளைப் பற்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பழைய சாமான் கடையில் மர இழைப்புளிகள் குவிந்து கிடக்கின்றன. எவற்றை வாங்குவது? (கோத்தகிரி)

முதலில் முன்முகத்தைத் துடைத்துப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயர் பெரிய எழுத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும். அதன் கீழே சிறிய முத்திரைகளாகத் தெரிபவை, ஒருவர் பின் ஒருவராக அதை வைத்து வேலை செய்த தச்சர்களின் பெயர்கள். பிரிட்டிஷ் இழைப்புளிகள் பெரும்பாலும் பீச் மரத்தால் ஆனவை; 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவற்றின் நீளம் ஒன்பதரை அங்குலம் என நிலைபெற்றுவிட்டது. அதைவிடக் குட்டையாக இருந்தால், யாரோ முனையை அறுத்திருக்கக்கூடும்.

அலங்கார வளைவு கொண்டவை கண்ணைக் கவரும். ஆனால் செப்பனிடும் வேலைக்கு நான் சொல்வது, ஹாலோ, ரவுண்ட் எனப்படும் குழிந்த அடியும் குவிந்த அடியும் கொண்ட எளிய ஜோடிகளைத்தான். முழுத் தொகுதி 1 முதல் 18 வரை எண்ணிட்ட ஜோடிகளாக 36 இழைப்புளிகள். நடுத்தர அளவில் நான்கு ஜோடிகள் கிடைத்தாலே பெரும்பாலான ஜன்னல் சட்டங்களைச் செய்துவிடலாம். அடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வில்போல் வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். துளைகளிலிருந்து புது மரத்தூள் உதிர்ந்தால் பூச்சி உயிரோடிருக்கிறது என்று பொருள். அதை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

எங்கள் ஜன்னல் வளைவோடு எந்த இழைப்புளியும் பொருந்தவில்லை. அடியை அரத்தால் ராவி மாற்றலாமா? (குன்னூர்)

கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே ஒரு சட்டத்துக்காக நான் அப்படிச் செய்தேன். அடியில் தேய்மானத்தைத் தாங்கப் பதித்திருந்த பாக்ஸ்வுட் என்ற கடின மரப் பட்டை பாதிக்குமேல் போய்விட்டது. அந்த இழைப்புளி பழைய வளைவுக்கும் உதவவில்லை, புதிய வளைவிலும் நிலைக்கவில்லை. இன்றும் அதை எண்ணி வருந்துகிறேன்.

பொருந்தாததற்குக் காரணம் உண்டு. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் இந்த மலையில் ஐரோப்பிய வீடுகள் எழத் தொடங்கியபோது, பிரிட்டனில் வட்டத்தின் பகுதியாக அமைந்த ரோமானிய வளைவுகள் பின்வாங்கி, நீள்வட்டம் போன்ற கிரேக்க வளைவுகள் வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஆகவே அளவு ஒன்றாக இருந்தாலும் வளைவு வேறுபடலாம். சட்டத்தில் இரண்டு அங்குல இடத்தில் மட்டும் பெயின்ட்டை மரம் தெரியும்வரை நீக்கி, மெல்லிய அட்டையில் வளைவை வெட்டிப் பொருத்திப் பாருங்கள். பிறகு புதிய கட்டையின் முகப்பில் அதை வரைந்து, விளிம்பில் படி வெட்டும் ரிபேட் இழைப்புளியால் படிபடியாக வெட்டி, அந்தப் படிகளின் விளிம்பில் ஹாலோ, ரவுண்டை ஓடவிட்டால், இரண்டு மூன்று அளவுகளைக் கொண்டே பல வளைவுகளை எட்டலாம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே கருதுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாக உப்புத்தாள் போட வேண்டாம். நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

நூறாண்டு கடந்த இழைப்புளியை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பலாமா? (வெலிங்டன்)

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம்; தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்று பெறாமல் அனுப்ப வேண்டாம்.

தேக்கில் ஓட்டும்போது சிலாம்பு பெயர்கிறது. (உதகை)

இந்த இழைப்புளிகளில் அலகின்மேல் சுருளை முறிக்கும் இரண்டாவது தகடு கிடையாது. அதனால் நேரான ரேகையுள்ள கட்டையைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. 45 பாகையில் அலகு அமர்ந்ததைவிட 50 அல்லது 55 பாகையில் அமர்ந்தது தேக்குக்கு ஏற்றது. தேக்கிலுள்ள சிலிக்கா அலகின் கூர்மையை விரைவில் மழுக்கும், அடிக்கடி தீட்டுங்கள். பழைய அலகில் இரும்பின்மேல் எஃகு ஒட்டப்பட்டிருக்கும். வேகமான சாணைச் சக்கரத்தில் நீலம் பாய்ந்தால் அதன் பதம் போய்விடும்.

கட்டையின் தொலைமுனையில் தொடங்கி, குறுகிய தள்ளல்களாகப் பின்னோக்கி வாருங்கள். அலங்கார வளைவுள்ள இழைப்புளிகள் பலவற்றின் முன்முகத்தில் சாய்வாகக் கீறிய கோடு இருக்கும். அந்தக் கோடு செங்குத்தாக நிற்கும்படி இழைப்புளியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்துத் தள்ளுவதால்தான் பலருக்கு வளைவு கோணலாகிறது.

மழைக்காலத்தில் ஆப்பு இறுகி வரவே மறுக்கிறது. (குந்தா)

கணப்படுப்பின் அருகே வைத்து உலர்த்தாதீர்கள், கட்டை வெடிக்கும். காற்றோட்டமான அறையில் பத்து நாள் விட்டு, பின்முகத்தில் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டுங்கள். தளர்ந்த பிறகு ஆப்பைச் சீவிச் சிறிதாக்க வேண்டாம், ஏனெனில் தை பிறந்து காற்று உலரும்போது அதே ஆப்பு அலகைப் பிடிக்காமல் போய்விடும்.