இரண்டாம் பந்தி முடிந்ததும் வாசலைப் பாருங்கள்

கேள்வி: கல்யாண வீட்டில் மிஞ்சிய சாப்பாட்டை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்களே, அது அவர்களை அவமதிப்பது ஆகாதா? எச்சில் சோறு போடுவதற்குப் போடாமலே இருக்கலாம் அல்லவா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இலையில் கைபட்டதுதான் எச்சில். அண்டாவில் கரண்டி மட்டும் பட்ட சோறு எப்படி எச்சிலாகும்? மாப்பிள்ளையின் அப்பா கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அதே அண்டாச் சோறுதான். அவருக்கு இல்லாத அவமானம், நோயாளிக்குத் துணையாக வந்து ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி மரத்தடியில் படுத்திருப்பவருக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதில்தான் மரியாதை இருக்கிறது.

எங்கள் வீட்டு மறுவீட்டுச் சாப்பாட்டில் ஒருமுறை சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு, நிறைய மிஞ்சியது. இன்னும் ஆள் வரும், இருக்கட்டும் என்று ஆக்குப்புரையில் மூடி வைத்துவிட்டோம். யாருக்காவது கொடுக்கலாமே என்று தோன்றியபோது மணி நாலரை. மூடியைத் திறந்ததும் சமையல்காரரான தவசிப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பது பேராவது சாப்பிட்டிருக்கலாம். குழி வெட்டிக் கொட்டினோம். இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

சொதிக்கு முதல் தேங்காய்ப்பாலை இறக்கும்போதுதான் ஊற்றுவோம். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். அதனால் நம்மூர் வெயிலில் சீக்கிரமே ஊசிவிடும். அவியலும் தாங்காது. சோறு பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் அதையும் நம்ப முடியாது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உலையில் கொதித்தும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும், வாந்தியைக் கொண்டுவரும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பொதுவாக 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கும் உணவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். மூடி வைத்த அண்டா மத்தியானம் முழுக்க அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

அதனால் இரண்டாம் பந்தி எழுந்ததும் வாசலைப் பாருங்கள். ஆள் வரத்து குறைந்துவிட்டதா? அப்போதே, ஆவி பறக்கும்போதே, சுத்தமான பாத்திரத்தில் தனியாக எடுத்து மூடி அனுப்பிவிடுங்கள். பரிமாறும் வாளிக்குப் போனதை அதில் சேர்க்க வேண்டாம். கடைசியில் ஐந்தாறு பேருக்குக் குறைந்தால் ஒரு படி அரிசியை உலையில் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? 'பத்தாமல் போய்விட்டால் மானம் போய்விடும்' என்ற பயத்தில்தான் நல்ல சோற்றை நாலு மணி வரை பூட்டி வைக்கிறோம்.

மிஞ்சிய உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கென்றே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் விதிமுறைகள் வகுத்திருக்கிறது. இது ஒளிந்து செய்யும் வேலை இல்லை. முதியோர் இல்லம் என்றால் காலையிலேயே போன் போட்டு, எத்தனை பேர், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகும் பையனிடம் சமைத்து இறக்கிய நேரத்தைச் சொல்லி அனுப்புங்கள், வாங்குகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். அப்புறம், ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறான் என்றால் ஒரு கட்டு இலையும் குடிதண்ணீரும் கொடுத்துவிடுங்கள். அங்கே இருப்பவர்களிடம் தட்டு இருக்காது.