வயல் சிவப்பாகத் தெரிந்தால் தாமிரம் இருக்கிறதா?

கேள்வி: மன்னார்குடி அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் எங்கள் வயல் சிவப்பாகத் தெரிவதாகவும், அது தாமிரத்தோடு சேர்ந்து வரும் கனிம மாற்றத்தின் அடையாளம் என்றும் ஒரு தரகர் சொல்கிறார். முழு அறிக்கைக்கு 40,000 ரூபாயும், ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்தும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் கொடுக்க வேண்டாம், கையெழுத்தை நிச்சயமாகக் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படம் போலி அல்ல என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஆழத்திலிருந்து வரும் வெந்நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து பழைய கனிமங்களைக் களிமண் கனிமங்களாக மாற்றும். சில இடங்களில் அத்தகைய பாறைகளை ஒட்டித் தாமிரம் கிடைக்கும். அக்கனிமங்கள் 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால், லேண்ட்சாட் 8 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் எடுத்த படத்தின் ஆறாம் அலைவரிசை அளவை, அந்த ஒளியைப் பதியும் ஏழாவதன் அளவால் வகுத்தால் அங்கே மதிப்பு உயரும். அந்த உயர்வுக்குத்தான் சிவப்பு பூசியிருக்கிறார்கள். செடிகொடி அருகிய நெவாடா பாலைப் பாறைகளில் இம்முறை நன்றாகவே பயன்படுகிறது.

ஆனால் பச்சை இலையில் உள்ள நீரும் அதே ஒளியை உறிஞ்சும். உங்கள் படத்தின் மூலையில் டிசம்பர் மாதத் தேதி இருக்கிறது. அது சம்பா பச்சைப்பசேலென்று நிற்கும் காலம். சிவப்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள்: வாய்க்காலோரம் நேர்கோடாக நிற்கிறது, ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் அறுந்துவிடுகிறது, தெருவுக்கு அப்பால் மறுபடி தொடங்குகிறது. தாது எதுவும் வாய்க்காலைப் பார்த்து நின்றுகொள்வதில்லை. அறுவடைக்குப் பின் எடுத்த படத்திலும் சிவப்பு முழுதும் மறையாது, ஏனெனில் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலே களிமண்தான். போதாததற்கு, இந்த ஒளி மண்ணின் மேல்தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை. கீழே உள்ள பாறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உங்கள் திருவாரூர் மாவட்டத்து எண்ணெயும் எரிவாயுவும்கூட தரையில் அதிர்வை உண்டாக்கி அதன் எதிரொலியை அளக்கும் நில அதிர்வு ஆய்வு செய்து, துளையிட்டுக் கண்டவையே.

ஒரு விலக்கு உண்டு. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் நிலம் மேடாகி, வண்டல் முடிந்து, செம்புறாங்கல் (இரும்பு மிகுந்த செந்நிறக் கல்) வெளியே தெரிகிறது. கோடையில் எடுத்த படத்தில் அங்கே இரும்பு ஆக்சைடைக் காட்டும் நிறம் வந்தால் அது உண்மையான அடையாளமே. ஆயினும் அது மழையிலும் வெயிலிலும் பாறை மக்கியதால் வந்த இரும்பு. வெந்நீர் செய்த மாற்றம் அல்ல. வல்லத்து நண்பர்களும் தரகரை நம்பிவிட வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இனி தரகர். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். பழகியவருக்கு இந்த வகுத்தல் சில நிமிட வேலை. 40,000 ரூபாய் எதற்கு? அவர் குறி பவர் பத்திரம். அதன் வாசகத்தில் விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் எழுதப்பட்டிருந்தால், கனிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் நிலம் அவர் கையில். தாமிரம் போன்ற பெருங்கனிமங்களுக்கான உரிமத்தை 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுதான் தரும். 2015 திருத்தத்துக்குப் பின் அது பெரும்பாலும் ஏலத்தில்தான். மக்கள் வரிப்பணத்தில் நிலவியல் வரைபடம் போடுபவர்கள், ஒரு விவசாயிக்குப் புரியும்படி நான்கு வரி விளக்கம் எழுதியிருந்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. அதைச் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

அவர் மறுபடி வந்தால், வயல் வெறுமையாகக் கிடக்கும் மே மாதத்துப் படத்தையும் இதே நிற அளவில் போட்டுத் தரச் சொல்லுங்கள்; பயிர் இல்லாதபோது சிவப்பு எவ்வளவு குறைகிறது என்று நீங்களே பார்க்கலாம். ஏற்கெனவே கையெழுத்திட்டுப் பதிவும் செய்திருந்தால், பத்திர நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிய இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள்.