ஆச்சியின் 'அலோ' ஏன் கட் ஆகிறது?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கும் எங்கள் ஆச்சிக்குத் தினமும் ரெண்டு மூணு போன் வருகிறது. எடுத்துப் பேசினால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை, தானாகவே கட் ஆகிவிடுகிறது. ஆள் இருக்கிறதா என்று திருடன் நோட்டம் பார்ப்பதாகப் பக்கத்து வீட்டில் கிளப்பிவிட்டார்கள், ஆச்சிக்குத் தூக்கம் போச்சு. அதே நம்பரிலிருந்து எனக்கு வந்தால் மட்டும் லோன் வேண்டுமா என்று ஒரு பெண் பேசுகிறார். இது என்ன மாயம்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்த லோன் பெண்ணே சாட்சி, திருடன் இல்லை என்பதற்கு. ஆச்சி போனை எப்படி எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். "அலோ, யாரு பேசுதது, மாரியா, ஏட்டி அங்க மழை பெஞ்சுதா, சத்தமே கேக்கலயே..." என்று ஒரே மூச்சில் போகுமா? அங்கேதான் வினை.

கால் சென்டரில் நம்பர் போடுவது ஆள் இல்லை, மென்பொருள். எடுத்தது மனுஷரா, 'பீப் ஒலிக்குப் பின் பேசவும்' என்கிற வாய்ஸ்மெயிலா என்று கண்டுபிடித்து, மனுஷர் என்றால்தான் ஊழியரிடம் லைனைக் கொடுக்கும், மிஷின் என்று முடிவு கட்டினால் கட் பண்ணிவிடும். பழைய முறையில் வார்த்தையின் அர்த்தமெல்லாம் அதற்குத் தெரியாது, சத்தம் எவ்வளவு நேரம், மௌனம் எவ்வளவு நேரம் என்று அளக்கும், அவ்வளவுதான். ஆஸ்டரிஸ்க் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. மாற்றாமல் விட்டால் அதன் கணக்கு இது: சின்னதாக ஒரு 'அலோ', பிறகு 0.8 வினாடி மௌனம் என்றால் மனுஷர். அந்த முதல் பேச்சு 1.5 வினாடியைத் தாண்டினால் மிஷின். எடுத்து 2.5 வினாடி வரை சத்தமே வராவிட்டாலும் மிஷின்தான். ஆக, ஆச்சி நீட்டிப் பேசினாலும் தப்பு, பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு நிதானமாகக் காதுக்குக் கொண்டுபோனாலும் தப்பு. பின்னால் டிவி சீரியல் அலறினால் அதையும் பேச்சென்றே எடுத்துக்கொள்ளும். வாய்ஸ்மெயில் அரிதான நம் ஊரில் இந்தச் சோதனை எதற்கு என்று கேட்டால் எனக்கும் அதே கேள்விதான்! பதிவான குரல்களை வைத்துப் பழக்கிய புதிய மென்பொருள்களும் வந்துவிட்டன, அவையும் தடுமாறும்.

காலர் டியூன் குழப்புமோ என்று சிலர் நினைக்கிறார்கள். குழப்பாது. அது ஓடும்போது நீங்கள் இன்னும் போனை எடுக்கவே இல்லை என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்து ஊழியர் இருந்தால், எல்லாரும் எடுக்கவா போகிறார்கள் என்று மென்பொருள் அதைவிட அதிக நம்பருக்கு ஒரே நேரத்தில் போடும். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் எடுத்துவிட்டால் மிச்சப் பேருக்கு மௌனம்தான். அமெரிக்காவில் விற்பனை அழைப்பென்றால், எடுத்தவர் அலோ சொல்லி முடித்த 2 வினாடிக்குள் ஊழியர் வரவேண்டும், அப்படி அந்தரத்தில் விடப்படுபவை 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது.

சரி, ஆச்சிக்கு என்ன சொல்வது? 1600 என்று தொடங்கும் நம்பர் என்றால் வங்கி போன்ற இடங்களின் சேவை அழைப்பு, அதற்கு மட்டும் 'அலோ' என்று சொல்லி ஒரு நொடி நிறுத்தச் சொல்லுங்கள். 140 விளம்பரம், அதற்கு மழைக் கதையை இன்னும் நீட்டலாம், நீங்களும் முயன்று பாருங்களேன். லோன் பெண் சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து பேசினால் அது விதிமீறல். 1909-க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கலாம், விளம்பர அழைப்பே வேண்டாம் என்றும் அங்கேயே பதியலாம். ஆச்சி நம்பருக்கும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.